மலையாற்று இடுக்கில் கயாக்: நிறுத்தத் தெரிந்த பிறகு இறங்குங்கள்

மலையாற்றில் கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அருவியிலிருந்து குதித்த கதைதான் முதலில் வரும். குதிப்பது இரண்டு வினாடி வேலை. அந்த அருவிக்குச் சற்று மேலே, இழுக்கும் நீரிலிருந்து விலகி ஒரு பாறையின் மறைவில் படகை நிறுத்த முடிந்ததா என்பதுதான் உண்மையான திறமைச் சோதனை. நிறுத்த முடிந்தவர் கரையேறிப் பார்க்கலாம், வேண்டாம் என்று முடிவெடுக்கலாம், படகைச் சுமந்து கடக்கலாம். முடியாதவருக்கு அந்த மூன்றும் இல்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் நிறுத்துவதைப் பற்றியதுதான்.

எடுத்துக்காட்டாகக் கோழிக்கோடு மாவட்டத்தின் கிழக்கு மலைகளை வைத்துக்கொள்கிறேன். வெள்ளரிமலைப் பக்கமிருந்து பாய்ந்து வரும் இருவஞ்சிப்புழாவும், துஷாரகிரி அருவிகளைக் கடந்து கோடஞ்சேரி வழியாக வரும் சாலிப்புழாவும் பின்னர் சாலியாற்றைச் சேர்பவை. 2013 முதல் மலபார் நதித் திருவிழா என்ற கயாக் போட்டி இந்த ஆறுகளில்தான் நடந்துவருகிறது. புலிக்கயத்திலும் இலந்துக்கடவிலும் வெளிநாட்டு வீரர்கள் மழையில் நனைந்தபடி போட்டியிடுவார்கள். வெல்பவர்களுக்கு 'ரேபிட் ராஜா', 'ரேபிட் ராணி' என்று பட்டம். கோவையிலிருந்து ரயில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரக்கூடிய தூரம். தென்னிந்தியாவில் கயாக் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் செங்குத்தான ஆறு அறிமுகமாவது இங்கேதான்.

படி 1: தயாரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்

வேகநீரை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் ஒழுங்கற்ற அலைகள், கொஞ்சம் சாமர்த்தியம். நான்கில் பாதை தெளிவாக இருந்தாலும் துல்லியமாக ஓட்ட வேண்டும். ஐந்தில் ஒரு தவறுக்கு உயிரே விலையாகலாம். பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு ஒடுங்கி இறங்கும் செங்குத்தான இடுக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வீழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சு வாங்க அமைதியான மடு இருக்காது. ஓரிடத்தில் கவிழ்ந்தால் அடுத்த வீழ்ச்சியைத் தலைகீழாகத்தான் சந்திப்பீர்கள்.

எனவே இதைத் தொடக்கப் பள்ளியாக நினைக்காதீர்கள். கவிழ்ந்த படகைத் துடுப்பாலும் இடுப்பாலும் நிமிர்த்தும் 'ரோல்' நீச்சல் குளத்தில் வருவது போதாது. குளிர்ந்த, நுரைத்த, தலை பாறையில் உரசும் நீரில், இரு பக்கமும் வர வேண்டும். ரிஷிகேஷில் சிவ்புரிக்குக் கீழே கங்கையில் மூன்றாம் தர நீர் தாராளமாகக் கிடைக்கிறது. நேபாளத்தின் திரிசூலியும் நல்ல பயிற்சிக்களம். அங்கே பெரிய நீரில் பழகிவிட்டு வாருங்கள். கூடவே, வேகநீர் மீட்புப் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். வகுப்புக்குச் செல்லாமல் கயிறும் கொக்கியும் மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர் குழுவுக்கு உதவி அல்ல, கூடுதல் ஆபத்து.

ஒரு எளிய தேர்வு சொல்கிறேன். உங்களுக்கு நன்கு பழகிய மூன்றாம் தர ஆற்றில், வழியிலுள்ள ஒவ்வொரு பாறை மறைவிலும் படகை நிறுத்திக்கொண்டே இறங்கிப் பாருங்கள். பெரிய மறைவுகளை விட்டுவிடுங்கள், படகு மட்டுமே கொள்ளும் சிறியவற்றைத் தேடுங்கள். பத்தில் ஒன்பதிலாவது நினைத்த இடத்தில் நிற்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு பருவம் காத்திருக்கலாம். ஆறு எங்கும் போய்விடாது.

படி 2: படகும் உடன் வருபவையும்

இடுக்குக்கு 'கிரீக் போட்' வேண்டும். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளம், உருண்ட மூக்கு, தூக்கலான முனைகள், நிறைய மிதப்பு. வீழ்ச்சியின் அடியில் புதைந்தாலும் சீக்கிரம் மேலே வருவதற்குத்தான் அந்த மிதப்பு. பின்பகுதியில் காற்றுப் பைகளை ஊதி நிரப்பாமல் இறங்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த படகு பாறையில் ஒட்டிக்கொண்டால் நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது.

உடலில் அணிபவை: முழுமையாக மூடும் ஹெல்மெட், இழுத்தால் உடனே கழலும் மீட்புப் பட்டையுள்ள மிதவை அங்கி, முழங்கை உறை, பிடிமானமுள்ள காலணி. கேரள நீர் அவ்வளவு குளிராது என்பதால் தடித்த உடை தேவையில்லை. ஆனால் மழையில் நனைந்தபடி கரையில் நீண்ட நேரம் நின்றால் நடுக்கம் வரும். ஒரு மேலாடை போதும்.

ஒவ்வொருவரிடமும் விசில், கத்தி, 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறுள்ள வீசு பை இருக்க வேண்டும். குழுவுக்குப் பொதுவாக இரண்டு கப்பிகள், சில கொக்கிகள், மடிக்கும் ரம்பம், முதலுதவிப் பை, பிரித்து வைக்கக்கூடிய மாற்றுத் துடுப்பு. ரம்பத்தைப் பலர் தேவையற்ற சுமை என்கிறார்கள். மழைக்காலத்தில் இடுக்குக்குள் ஒரு ரப்பர் மரம் குறுக்கே விழுந்து கிடப்பதைக் கண்டவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

படி 3: மழையைப் படியுங்கள், எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போதுதான் இந்த ஆறுகளில் ஓட்டும் அளவுக்கு நீர் இருக்கும், அப்போதுதான் அவை மிக ஆபத்தானவையும்கூட. மலைச்சரிவு செங்குத்து, ஆறு நீளம் குறைந்தது. மேலே கொட்டும் மழை கீழே வந்துசேர நாள் கணக்கு ஆவதில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரலாம்.

இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்வதைக் கனமழை என்றும், 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை என்றும், 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை என்றும் வகுக்கிறது. மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றைய திட்டம் முடிந்தது. அருவிகளுக்கும் ஆற்றோரங்களுக்கும் போக மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதும் உண்டு. அந்தத் தடையை மீறி இறங்கி, பிறகு தீயணைப்புத் துறையினரை உயிரைப் பணயம் வைக்கச் செய்வது வீரம் அல்ல.

கன அடிக் கணக்கு நமக்குப் பழக்கமானது. பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் எண்ணிக்கை பெரிதானால் ஆபத்து, சிறிதானால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் வட கரோலினாவின் கிரீன் ஆற்று இடுக்கு, 2024 வரை, அணையிலிருந்து சுமார் 200 கன அடி விட்டாலே ஐந்தாம் தரமாகிவிட்டது. அங்கே 'கொரில்லா' என்ற வீழ்ச்சிக்கு மேலே ஆறு ஒரு ஆள் நீளத்துக்கு ஒடுங்கியிருந்தது. நீரின் அளவைவிட அது எவ்வளவு இடத்துக்குள் திணிக்கப்படுகிறது என்பதே முக்கியம்.

அளவுமானி இல்லாத ஆற்றில் நீங்களே ஒரு மானியை வைத்துக்கொள்ள வேண்டும். இறங்குமிடத்தில் அசையாத பாறை ஒன்றைத் தேர்ந்து, நீர்க்கோடு எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். கோடு ஒரு சாண் ஏறியிருந்தால் படகை மறுபடி வண்டியில் கட்டுங்கள். ஓட்டத்தின் நடுவிலும் நிற்கும் இடமெல்லாம் இதையே செய்யுங்கள். தெளிந்த நீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் ஓசை கனப்பது, சற்று முன் தலைகாட்டிய கற்கள் காணாமல் போவது ஆகியவை வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அப்போதே உயரமான கரைக்கு ஏறிவிடுங்கள். படகு போனால் போகட்டும்.

கரையோர ரப்பர், ஜாதிக்காய்த் தோட்டக்காரர்களிடம் பேசுவது இன்னொரு மானி. அவர்களது நிலத்தைத் தாண்டித்தான் ஆற்றுக்கு இறங்க வேண்டியிருக்கும் என்பதால் அனுமதி கேட்பது மரியாதையும்கூட. "நேற்று ராத்திரி மேலே நல்ல மழை" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் எந்தச் செயலியும் தராத தகவல்.

படி 4: பழைய வரைபடத்தைச் சந்தேகியுங்கள்

கடந்த ஆண்டு இறங்கியவர் சொன்ன பாதை இந்த ஆண்டு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மேலே சொன்ன கிரீன் ஆற்று இடுக்கையே உருமாற்றிவிட்டது. 1996 முதல் பந்தயம் நடந்துவந்த, வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய ஆறு அது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் சரிந்த மலை, வீடுகளையும் மனிதர்களையும் அடித்துக்கொண்டு சாலியாற்றில் நிலம்பூர்ப் பக்கம் வரை இறங்கியது. அவ்வளவு பெரிய சரிவு தேவையில்லை. ஒரு லாரி அளவுப் பாறை புரண்டாலே பாதுகாப்பான வழி பொறியாகிவிடும்.

ஆகவே இறங்குவதற்கு முதல் நாள் கரைவழியே நடந்து பாருங்கள். முக்கியமாகத் தேட வேண்டியது இரு பக்கமும் சுவராக எழும்பி, கரையேற வழியே இல்லாத நீட்டங்கள். அவற்றுக்குள் நுழைந்தபின் பார்க்கவும் முடியாது, சுமந்து கடக்கவும் முடியாது. ஒவ்வொரு சுவர் நீட்டத்துக்கும் முன்னால் கடைசியாக நிற்கக்கூடிய இடம் எது, கடைசியாகச் சாலைக்கு ஏறக்கூடிய ஒற்றையடிப் பாதை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பணைகள் எங்கே உள்ளன என்பதையும் கேட்டு வையுங்கள். சிறு நீர்மின் திட்டங்களுக்காகக் கட்டியவை இந்த ஆறுகளில் உண்டு. தடுப்பணை பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் நீர் கரைக்குக் கரை ஒரே சீராக விழுவதால், அடியில் நீர் பின்னோக்கிச் சுழன்று உருவாகும் சுருட்டலுக்குப் பக்கவாட்டில் வெளியேறும் வழியே இருக்காது. எந்தத் தடுப்பணையையும் படகில் தாண்டாதீர்கள்.

படி 5: பாறை மறைவுகளின் வழியே இறங்குதல்

வேகமாக ஓடும் நீர் ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரியும்போது, பாறையின் கீழ்ப்பக்கத்தில் வெற்றிடம் நிரம்ப நீர் எதிர்த்திசையில் திரும்பி ஓடும். இதைத்தான் ஓட்டுநர்கள் 'எடி' என்கிறார்கள். எடியும் ஓடும் நீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரியும். சில இடங்களில் அது மெல்லிய சுருக்கம், செங்குத்தான ஆறுகளில் ஒரு அடி உயர மேடு.

அந்தக் கோட்டைக் கடப்பதில்தான் எல்லாமே. பாறையை ஒட்டி, எடியின் உச்சியைக் குறிவையுங்கள். கீழ்ப்பகுதி பலவீனமானது, அங்கே நுழைந்தால் நழுவிவிடுவீர்கள். ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில், வேகத்தோடு கோட்டை வெட்டுங்கள். மூக்கு எடிக்குள் புகுந்ததும் படகு தானாகவே மேல்நோக்கித் திரும்பும். அந்த நொடியில் திரும்பும் பக்கமே படகைச் சாயுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் எடி நீர் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். துடுப்பை எடியின் ஆழமான நீரில் ஊன்றி, படகை அதை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள்.

குழுவாக இறங்கும்போது, அடுத்த எடியில் எத்தனை படகு கொள்ளும் என்று முன்னவர் விரல்களால் காட்டுவார். இரண்டு கொள்ளும் இடத்துக்கு மூன்றாமவர் வந்தால் ஒருவர் கீழே தள்ளப்படுவார். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வரலாம், கிடைமட்டமாகத் தூக்கினால் நில். ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கமாக வா. ஆபத்து இருக்கும் திசையை ஒருபோதும் சுட்டிக்காட்டக் கூடாது, போக வேண்டிய திசையை மட்டுமே. ஒரு நீண்ட விசில் கவனிக்கச் சொல்வது, மூன்று விசில் அவசரம். இடுக்கின் ஓசையில் குரல் கேட்காது என்பதால் இந்தச் சைகைகளைக் கரையிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். இடது, வலது என்பவை எப்போதும் நீர் ஓடும் திசையைப் பார்த்துச் சொல்பவை.

குழு மூன்றுக்குக் குறையவும் வேண்டாம், ஐந்தைத் தாண்டவும் வேண்டாம்.

படி 6: கரையேறிப் பார்த்தல்

முன்னால் ஆறு ஒரு நேர்க்கோட்டில் அறுந்து, அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தால் அங்கே வீழ்ச்சி இருக்கிறது. தெரியாத வீழ்ச்சி என்றால் நின்றே ஆக வேண்டும். கரையேறி நேரே அதன் அடிக்குச் செல்லுங்கள், பார்வையைக் கீழிருந்து தொடங்குங்கள்.

மேலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அழகான நாக்கு போன்ற நீர்வழிதான் படும். கீழிருந்து பார்ப்பவருக்கு விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பது தெரியும். நீர் வெளியேறும் மடு எவ்வளவு நீளம்? அடுத்த வீழ்ச்சி எத்தனை தூரத்தில்? விழும் இடத்தில் நீர் பின்னோக்கிச் சுருட்டுகிறதா, அந்தச் சுருட்டலின் இரு ஓரமும் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றனவா, மேல்நோக்கியா? மேல்நோக்கி வளைந்திருந்தால் அது ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து, உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பாறைக் குவியலுக்குள் நிறைய நீர் நுழைந்து, மறுபக்கம் மேற்பரப்பில் எதுவும் வரவில்லை என்றால் அடியில் சல்லடைப் பாறைகள் இருக்கின்றன. நீர் புகும், மனிதன் புகமாட்டான், அங்கேயே அமுக்கப்படுவான். பாறையில் மோதும் நீர் மெத்தையாக எழும்பித் திரும்பினால் பாறை திடமானது. மோதியும் எழும்பாமல் அமைதியாக அடியில் போய்விட்டால் பாறை அடியில் குடையப்பட்டிருக்கிறது. அந்த அமைதிதான் பயங்கரம். சுள்ளி ஒன்றை மேலே வீசிப் பார்க்கலாம். அது தப்பியது என்பதால் நீங்கள் தப்புவீர்கள் என்று அர்த்தமில்லை, சுள்ளி மேற்பரப்போடு போகும். ஆனால் அது மறைந்து வெளியே வராவிட்டால் அது சாட்சி.

பிறகு பாதையைக் கீழிருந்து மேலாகக் கட்டுங்கள்: எங்கே விழ வேண்டும், அதற்கு விளிம்பில் எங்கே இருக்க வேண்டும், அங்கே சேர எந்தப் பாறைக்கு இடமாக வர வேண்டும், எந்த எடியிலிருந்து கிளம்ப வேண்டும். விளிம்பில் அடையாளமாக ஒரு கல்லையோ வேரையோ மனத்தில் பதியுங்கள். படகில் உட்கார்ந்தால் கண் தாழ்ந்துவிடும், கரையில் கண்டது எதுவும் அப்படியே தெரியாது.

கடைசியில் இரண்டு கேள்விகள். பாதையைத் தவறவிட்டால் எங்கே போவேன்? படகை விட்டு நீந்தினால் எங்கே கரை சேர்வேன்? இரண்டுக்கும் பொறுக்கக்கூடிய பதில் இருந்தால் ஓட்டலாம். நான்கைந்து முறை போய்ப் போய்ப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்றால் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. யாரும் யாரையும் "ஒன்றும் ஆகாது, வா" என்று வற்புறுத்தக் கூடாது. கேமரா ஓடுகிறது என்பதற்காக இறங்குபவரைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: பூஃப்

மூக்கு கீழே புதையாமல், படகைக் கிடைமட்டமாக வீழ்ச்சியின் அடியிலுள்ள சுருட்டலைத் தாண்டிப் போய் விழச் செய்வதுதான் பூஃப். கைவலிமையைவிட நேரக் கணக்கே இதில் பெரிது. மிதமான வேகத்தில் விளிம்பை நெருங்குங்கள். பார்வை கீழேயுள்ள நுரையில் இருக்க வேண்டாம், போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கட்டும். முழங்கால்கள் விளிம்பைத் தொடும் தருணத்தில், துடுப்பின் அலகை விளிம்புக்கு அப்பால் விழத் தொடங்கும் நீரில் செங்குத்தாக ஊன்றி, இடுப்பு வரை ஒரே நீண்ட இழுப்பு. கூடவே முழங்கால்களை மார்பை நோக்கித் தூக்குங்கள். ஒரு நொடி முந்தினால் மூக்கு மறுபடி தாழும், பிந்தினால் ஊன்ற நீரே இருக்காது. விழுவதற்கு முன் உடம்பை முன்னால் மடக்கிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தபடி தட்டையாக விழுந்தால் அடி முதுகெலும்புக்கு. ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சிகளில் தட்டையாக விழுவதே தவறு, மூக்கைச் சாய்வாக நீருக்குள் விட வேண்டும். எப்போதும் முழங்கைகள் தாழ்ந்தே இருக்கட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாங்கப் பார்த்தவர்களின் தோள்மூட்டு கழன்றுவிடும்.

படி 8: சுமந்து கடத்தல்

வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களும் செய்வதுதான். வழுக்கும் பாறையில் படகைத் தோளில் சுமப்பதைவிடக் கயிற்றில் கட்டி இறக்குவது நல்லது. அட்டைகள் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: தவறும்போது

முதலில் பாதுகாப்பு ஆள். கடினமான வீழ்ச்சி ஒவ்வொன்றிலும் ஒருவர் கயிற்றுப் பையோடு கரையில் நின்றபின்தான் முதல் படகு கிளம்ப வேண்டும். அவர் சுருட்டலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். நீரில் கயிற்றைப் பிடித்த ஆள் ஊஞ்சலாக வந்து சேரும் இடம் ஒரு எடியாக இருக்க வேண்டும், அடுத்த வீழ்ச்சியாக அல்ல. முதலில் உரக்கக் கூப்பிடுங்கள், கண்ணும் கண்ணும் சந்தித்ததும் கயிறு அவர் மேலேயே விழும்படி சற்று அப்பால் வீசுங்கள். பிடிப்பவர் மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாக மார்பில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கையில் சுற்றவே கூடாது.

நீந்த நேர்ந்தால் ஓடும் நீரில் எழுந்து நிற்காதீர்கள். முழங்கால் ஆழத்திலும் கால் பாறை இடுக்கில் மாட்டினால் நீர் உடம்பை முன்னே மடித்து அமுக்கிவிடும். நீரின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதை எதிர்த்து எழ முடியாது. ஆழமற்ற இடத்தில் மல்லாந்து கால்களைக் கீழ்த்திசையில் நீட்டி வாருங்கள். எடி தெரிந்ததும் குப்புறத் திரும்பி முழு வலிமையோடு அதை நோக்கி நீந்துங்கள். குறுக்கே விழுந்த மரம் முன்னால் வந்தால் விதி தலைகீழ்: தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏறிவிட வேண்டும். கால் முதலில் போனால் கிளைகளுக்கு அடியில் இழுக்கப்படுவீர்கள்.

படகு குறுக்காகப் பாறையில் சாத்தப்பட்டால் இயல்பு நம்மைப் பாறையிலிருந்து விலகிச் சாயச் சொல்லும். அதுதான் கொல்லும். பாறையை நண்பனாகக் கட்டிக்கொள்ளுங்கள், மேல்பக்க விளிம்பு தூக்கி நிற்கும், நீர் அடியில் போகும். சிக்கியவரை மீட்கும் குழுவின் முதல் வேலை இழுப்பது அல்ல. அவர் தலை நீருக்கு மேலே நிற்கும்படி, ஆற்றின் குறுக்கே ஒரு கயிற்றை அவர் மார்புக்குத் தாங்கலாகக் கொடுப்பதுதான். மூச்சுவிட முடிகிறது என்றால் கப்பி கட்டி யோசிக்க நேரம் இருக்கிறது.

படி 10: கரையேறிய பின்

எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டே இறங்கியிருப்பீர்கள். முதல் வேலையாக அவரை அழையுங்கள். அழைப்பு வராவிட்டால் அவர் 112-க்குத் தகவல் தர வேண்டும் என்பதே ஏற்பாடு, எனவே மறந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். வழியில் கண்ட புதிய மரம், புரண்ட பாறை, நீர்க்கோட்டின் படம் ஆகியவற்றை அன்றே அடுத்து இறங்குபவர்களுக்கு அனுப்புங்கள். கயிற்றைப் பையிலிருந்து முழுதாக வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள், மணல் அரித்த இடம் இருந்தால் அந்தக் கயிறு இனி மீட்புக்கு ஆகாது.

மழைக்காலக் கேரளத்தில் எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் வருவது. சிராய்ப்புகளோடு ஆற்று நீரில் நாளெல்லாம் கிடந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். தடுப்பு மருந்து தேவையா என்று போவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பிய இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.